கத்தியில் படித்த ஆண்டு

1932ஆம் ஆண்டு ஆவணி மாதம், சங்ககிரிக்கு நாலு மைல் தள்ளி ஒரு குடியானவர் வீட்டுக் களத்தில் உட்கார்ந்து, துப்பாக்கி முனையில் மாட்டும் ஒரு கத்தியின் மேலிருந்த எழுத்துகளைப் படித்துச் சொன்னேன். நான் படித்ததை நம்பி அந்த வீட்டுப் பெண் இரண்டே மாதத்தில் தாலியைக் கழற்றினாள். நான் படித்தது தப்பு. தப்பாக இருக்கலாம் என்று படிக்கும்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது. அதுதான் இத்தனை வருஷமாக என்னை உறுத்துகிறது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். பத்திரப் பதிவு ஆபீஸில் நகல் குமாஸ்தாவாகச் சங்ககிரிக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பகலெல்லாம் பத்திரங்களின் தேதியைச் சரிபார்ப்பதே வேலை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதையேதான் ஆசைக்காகச் செய்தேன். கோட்டைச் சுவரிலும் கோயில் படிகளிலும் உள்ள எழுத்துகளைக் காகிதத்தில் ஒற்றியெடுப்பேன். யாராவது உழும்போது கிடைத்த காசைக் கொண்டுவந்தால் ராஜா பெயரைச் சொல்லுவேன். எந்த வயல், எந்த மூலை, எத்தனை அடி ஆழம் என்றெல்லாம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வேன். மாதப் பத்திரிகை ஒன்றில் என் குறிப்புகள் இரண்டு வந்திருந்தன. வட்டாரத்தில் என்னைத் 'தேதிக்காரர்' என்றார்கள். கேலியாகச் சொன்னவர்களும் உண்டு. நான் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம் ஆபீஸ் வேப்பமரத்தடியில் ஒரு குடியானவர் எனக்காகக் காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும்.

"ஏனுங்க, ஒரு இரும்பு இருக்குதுங்க. அதுல எழுத்து வெட்டியிருக்குது. நீங்க ஒருக்கா வந்து பாக்கோணும்" என்றார்.

"இங்கேயே கொண்டுவரலாமே?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "துப்பாக்கிக் கத்திங்க. போலீசு ஸ்டேசன் வாசல் வழியா அதைத் தூக்கீட்டு வரச் சொல்றீங்களா? உங்களுக்கு எழுத்துப் படிச்ச பேரு, எனக்குக் களி திங்கற பேரு."

விஷயத்தை அவரே சொன்னார். அவருடைய அண்ணன் 1916இல் பட்டாளத்தில் சேர்ந்து ஈராக்கில் யுத்தம் நடந்த பஸ்ராவுக்குக் கப்பல் ஏறினார். பாலம் கட்டவும் அகழி வெட்டவும் போகும் பட்டாளம் அது. போகும்போது கைக்குழந்தையாக ஒரு பெண் இருந்தது. மறு வருஷம் ஒரு கடிதம் வந்தது: காணவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வருஷம் பார்த்துவிட்டுக் காரியம் செய்துவிடலாம் என்று பங்காளிகள் சொன்னார்கள். அண்ணன் மனைவி ஒப்பவில்லை. அந்தப் பக்கத்தில் அண்ணன் மனைவியை 'நங்கை' என்பார்கள். "செத்தாருன்னு காயிதத்துல இல்லை. காணோமுன்னுதான் இருக்குது. காணாத ஆளுக்கு எதுக்குக் காரியம்?" என்று நங்கை கேட்டாளாம்.

இப்போது அந்தக் கைக்குழந்தைக்குப் பதினேழு வயது. நாமக்கல் பக்கத்தில் நல்ல இடமாக மாப்பிள்ளை வீடு கூடிவந்திருந்தது. அங்கேதான் சிக்கல். கல்யாணச் சீர்களை நடத்திவைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்பார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பாவே அருமைக்காரர். "பொண்ணோட ஆத்தா சுமங்கலியா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ரெண்டும் இல்லாதவளைப் பந்தல்ல எங்கே நிறுத்தறது?" என்று அவர் கேட்டுவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் சங்ககிரி மாட்டுச் சந்தையில் ஒரு பழைய சிப்பாய் இவரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறான். ஊர்ப் பெயரைக் கேட்டதும், "அந்த ஊர் ஆளு ஒருத்தர் எங்க கம்பெனியிலே இருந்தாரு, குண்டு பட்டுப் போயிட்டாரு, அவர் கத்தி என்கிட்டத்தான் இருக்குது" என்று சொல்லி, அடுத்த சந்தைக்குக் கொண்டுவந்தும் கொடுத்துவிட்டான். தேங்காய் உரிக்க வைத்திருந்தானாம்.

அந்தச் சிப்பாயின் பெயர் என்ன, எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. செப்புக்காசுக்கு வயலின் மூலையைக் கேட்டவன், இதற்குக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் போனேன். களத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். அருமைக்காரரும் வில் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு உள்ளே ஒரு குதிப்பு. அவர் வீட்டுப் பெட்டியில் நாயக்கர் காலத்துச் செப்புப் பட்டயம் ஒன்று இருந்தது. அதைப் பார்க்க இரண்டு வருஷமாக ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தேன். பூசையில் இருப்பது, வெளியே எடுக்க மாட்டோம் என்று ஒவ்வொரு தடவையும் பதில் வரும். அன்று அவரே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "இதைத் தெளிவா முடிச்சுக் குடுங்க. அப்பறம் நம்மூட்டுப் பக்கம் வாங்க, பட்டயத்தைப் பாத்துக்கலாம்."

கத்தியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் கூர். பிடியின் மரம் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. அடிப்பாகத்தில் துரு ஏறியிருந்ததால் புளியும் சாம்பலும் கேட்டேன். அவற்றை ஒரு பெண் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் எதிரிலேயே குந்திக்கொண்டாள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நெற்றியில் குங்குமம். கழுத்தில் தாலிக்கொடி மஞ்சளில் புதிதாகத் தோய்ந்து பளிச்சென்று இருந்தது. யாரும் சொல்லாமலே அவள்தான் என்று தெரிந்துகொண்டேன்.

தேய்த்து, துடைத்து, விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, வெயில் சாய்வாக விழும்படி பிடித்ததும் எழுத்துகள் எழும்பி வந்தன. ஒரு பக்கத்தில் கிரீடம், அதன் கீழே மன்னரின் பெயரெழுத்துகள், அதற்குக் கீழே 1907. பிறகு செய்த கம்பெனியின் பெயர் பாதி தேய்ந்து. அதோடு ஒட்டிச் சின்னதாக ஒரு 4, சற்று இடம் விட்டு 18. மறுபக்கத்தில் சர்க்காரின் அம்புக்குறியும் ஒரு பெருக்கல் குறியும் பொடிப்பொடியாகச் சில கிரீடங்களும். பிடியின் நுனிக் குமிழில் 46.

காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எல்லாவற்றையும் ஒற்றியெடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அர்த்தம் எழுதினேன். 1907: செய்த ஆண்டு. அம்புக்குறி: சர்க்கார் சொத்து. 4, 18 என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அந்தக் கேள்விக்குறி இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது. நான் அழிக்கவில்லை.

பட்டாளத்துக் கடிதத்தைத் துணிப்பையிலிருந்து எடுத்து அவளே நீட்டினாள். மடிப்புகளில் கிழிந்து, பின்னால் சோற்றுப்பசை தடவி ஒட்டியிருந்தது. 1917இல் காணாமல் போனார் என்று இருந்தது. ஆள் நம்பர் 2146.

46! எனக்கு உடம்பு சிலிர்த்தது. கல்வெட்டில் உடைந்துபோன பெயரின் மறுபாதி இன்னொரு கல்லில் கிடைத்தால் வருமே, அந்த மாதிரி. எழுந்து நின்று சொன்னேன். நம்பரின் கடைசி இரண்டு எழுத்தும் கத்தியின் எழுத்தும் ஒன்று, 1907இல் செய்த கத்தி 1916இல் சேர்ந்த ஆளுக்குக் கொடுத்திருப்பது பொருத்தம், ஆகவே இது அவருடையதுதான், சிப்பாய் சொன்னது சரி.

"அப்படிப் போடுங்க!" என்றார் அருமைக்காரர். "இங்கிலீசுக்காரன் வெட்டின எழுத்து, பொய் பேசுமா?"

ஒரு கிழவர், "நம்ம ஊட்டுக் கத்தியில கூட ஏதாச்சும் எழுதியிருக்குதான்னு பாக்கோணும்" என்றார். "உன்ற கத்தியில கறிக்கடைக்காரன் பேருதான் இருக்கும்" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. கத்தியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள். அவள் விரல் 1907ஐத் தாண்டிக் கீழே வந்து நின்றது.

"சாமி, இது என்னங்க? சின்னதா இருக்குதே."

"எது?"

"இங்கே ஒண்ணு. தள்ளி ரெண்டு எழுத்து. இதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே."

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அருமைக்காரரும் பார்த்தார். தெரியாது என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகியிருக்கும்.

"அது ஒன்றுமில்லைம்மா. பட்டறைக் கணக்கு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "தேதி உங்களுக்குத் தப்பாதுன்னு சொன்னாங்க. நீங்க சொன்னா ஒத்துக்கறேன்னு கொழுந்தங்கிட்டச் சொல்லியிருந்தேன். ஒத்துக்கறேனுங்க" என்று கத்தியை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஐப்பசியில் பவானி கூடுதுறையில் காரியம் செய்தார்கள். உடல் இல்லாததால் வைக்கோலில் ஆள் உருவம் கட்டி எரித்து, சாம்பலோடு கத்தியையும் ஆற்றில் விட்டார்கள். வீட்டில் வைத்திருந்தால் கேஸ் ஆகும் என்கிற பயமும் அதில் இருந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள். நான் போகவில்லை. அந்த வாரம் அருமைக்காரர் வீட்டில் செப்புப் பட்டயத்தை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். அது நல்ல பட்டயம். என் மூன்றாவது குறிப்பாக அச்சிலும் வந்தது.

தை மாதத்தில் கல்யாணம். பந்தலில் எனக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். பெண்ணுக்குத் தாய் செய்யவேண்டிய இடத்திலெல்லாம் சித்தி நின்றாள். நான் கை கழுவப் பின்கட்டுப் பக்கம் போனபோது, அவள் வெள்ளைச் சீலையில் சமையல் கொட்டகைக்குப் பின்னால் நின்றிருந்தாள். பந்தலைப் பார்க்க முடியாத இடம். மேளச் சத்தம் கெட்டியாகும்போது மட்டும் அந்தத் திசையில் முகத்தைத் திருப்பினாள். என்னைக் கண்டதும், "சாப்பிட்டீங்களா சாமி?" என்று கேட்டாள்.

1936இல் எனக்குச் சேலத்துக்கு மாற்றலாயிற்று. அஸ்தம்பட்டியில் வீடு பார்த்துக் குடியேறினேன். மூன்று வீடு தள்ளி, பட்டாளத்தில் துப்பாக்கி பழுதுபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். இரண்டாம் யுத்தம் வந்தபிறகு அவரிடம் பேச எல்லோருக்கும் ஆசை. 1943 பங்குனியில் ஒரு சாயங்காலம் என் நோட்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். பீற்றிக்கொள்ளத்தான் கொண்டுபோனேன். கோட்டைப் பீரங்கிகளில் நான் ஒற்றியெடுத்த எழுத்துகளையெல்லாம் புரட்டிக்கொண்டே வந்தவர், கத்தி எழுத்துகள் இருந்த பக்கம் வந்ததும் நின்று சிரித்தார்.

"என்ன சார், 1907ஐப் பார்த்து ஏமாந்துட்டீங்களே! அது மாடல் பேரு. அந்த மாதிரிக் கத்தி எல்லாத்துலயும் அதுதான் இருக்கும். செஞ்ச தேதி கீழே இருக்கு பாருங்க. நாலு, பதினெட்டு. ஏப்ரல் மாசம், பதினெட்டாம் வருஷம்."

"இந்தப் பெருக்கல் குறி?"

"வளைச்சுப் பார்த்து உடையலேன்னு போடற அடையாளம்."

"நாற்பத்தாறு? ஆள் நம்பர்தானே?"

"கிடங்குல மரச் சட்டத்துல அடுக்கி வெக்கற நம்பர் சார். எந்தப் பட்டாளத்துக்குப் போனாலும் ஒரு நாப்பத்தாறு இருக்கும். ஏன், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? காப்பி போடச் சொல்லட்டுமா?"

1917இல் காணாமல் போனவர் கையில் 1918 ஏப்ரலில் செய்த கத்தி இருந்திருக்க முடியாது. இதற்குப் படிப்பே வேண்டாம். கூட்டல் கழித்தல் போதும். அவள் விரல் வைத்துக் கேட்ட இடத்தில்தான் அது இருந்தது.

உடனே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசை. பங்குனியில் தெரிந்தது, போனது ஆவணியில். பெட்ரோல் இல்லாமல் கரிவாயுவில் ஓடும் பஸ் பாதி வழியில் நிற்கிறது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவள் களத்தில் நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. அன்று என்னைக் கூப்பிட வந்த கொழுந்தனாரும் கட்டிலில் இருந்தார். நின்றபடியே சொன்னேன். நோட்டைத் திறந்து, அந்தக் கேள்விக்குறியையும் காட்டினேன்.

அவள் ஆய்வதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கே கேட்டனே சாமி."

"கேட்டீங்கம்மா."

"அப்ப அவரு சாகலீங்களா?"

"அது தெரியாதும்மா. அந்தக் கத்தி அவருடையது இல்லை. அவ்வளவுதான் தெரியும்."

"இருபத்தாறு வருசமாச்சு. உசுரோட இருந்தா வந்திருக்க மாட்டாரா?" என்றார் கொழுந்தனார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தச் சிப்பாய் சொன்னான், நான் நம்பினேன். நான் சொன்னதை நங்கை நம்பலீங்க. நங்கை நம்புனது உங்களை. இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க? உங்க மனசு லேசாகோணும், அதுக்குத்தானே?"

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

"நீ சும்மா இரு தம்பி" என்றாள் அவள். "சாமி, உங்களுக்கு இங்கிலீசு வருமில்லைங்க? பட்டாளத்துக்கு ஒரு காயிதம் எழுதுங்க. அவரு எங்கேன்னு கேட்டு."

அங்கேயே எழுதினேன். கடைசியில் கேட்பவரின் பெயரும் உறவும் போடவேண்டும். விதவை என்பதா, மனைவி என்பதா? என் பேனா நின்றதைப் பார்த்து அவளே கேட்டாள். சொன்னேன்.

"சம்சாரம்னு எழுதுங்க" என்றாள். பெருவிரல் ரேகை வைத்தாள்.

ஏழு மாதம் கழித்து அச்சடித்த தாளில் பதில் வந்தது. 1917க்குப் பிறகு பதிவு எதுவும் இல்லை. அதைப் படித்துச் சொல்லச் சங்ககிரி போனபோது, வீட்டுக்குள் பேச்சு நின்றுபோயிருந்தது. பதினோரு வருஷமாக அவருக்குக் கொடுத்துவந்த திதியை அந்த வருஷம் அவள் நிறுத்திவிட்டாள். உசிரோடு இருக்கும் ஆளுக்குத் திதி கொடுத்தால் பாவம் என்றாளாம். செத்திருந்தால் பட்டினி போடுவதும் பாவம்தானே என்றாராம் கொழுந்தனார். தனியாகச் சமைத்துக்கொண்டாள். சீலையை மட்டும் மாற்றவில்லை.

யுத்தம் முடிந்து சிப்பாய்கள் ரயிலில் வந்து இறங்க ஆரம்பித்ததும் அவள் சங்ககிரி ஸ்டேஷனுக்கு நடந்து போகத் தொடங்கினாள். இருபது வயதுப் பையன்களை நிறுத்தி, பஸ்ராப் பக்கம் போனியா சாமி என்று கேட்பாள். அங்கே நம்ம பக்கத்துப் பேச்சுப் பேசுகிற வயசானவர் யாரையாவது பார்த்தாயா என்பாள். போர்ட்டர்கள் அவளுக்குப் 'பஸ்ராக்காரி' என்று பெயர் வைத்தார்கள். ஒரு தடவை என் கண்ணாலேயே பார்த்தேன். வண்டி கிளம்பும் வரைக்கும் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டு, அவளிடம் பேசாமல் சேலத்துக்குப் போய்விட்டேன். முதலில் பொய் சொல்லி அவளை விதவையாக்கினேன். பிறகு உண்மையைச் சொல்லி, ஆறிப்போன காத்திருப்பை மறுபடி கிளப்பிவிட்டேன். இரண்டில் எது பெரிய தீங்கு என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.

1947 மாசியில் நெஞ்சில் சளி கட்டி அவள் இறந்தாள். முதல் பஸ்ஸிலேயே ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். துக்கம் சொல்லத்தான் என்று நினைத்துப் போனேன். வாசலில் பாடை கட்டி வைத்திருந்தும் எடுக்காமல் இருந்தார்கள். குளிப்பாட்டியாகிவிட்டது. எந்தச் சீலை போர்த்துவது என்பதில் வந்து நின்றுவிட்டது. புருசன் இருக்கச் சாகிறவளுக்கு நிறச் சீலையும் குங்குமமும் உண்டு. அறுத்தவளுக்கு வெள்ளை.

"வாங்க, தேதிக்காரரே" என்றார் கொழுந்தனார். அழுது முகம் வீங்கியிருந்தது. "நீங்கதானே ஒருக்கா அறுக்கச் சொன்னீங்க, இன்னொருக்கா இல்லைன்னீங்க. இப்பவும் நீங்களே சொல்லுங்க. வெள்ளையா, சிவப்பா?"

வாசலில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். மறுபடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

மகள் உள்ளேயிருந்து வெளியே வந்தாள். நான் அவளைக் கல்யாணப் பந்தலில் பார்த்ததோடு சரி. இப்போது முப்பதைத் தாண்டியிருந்தாள். கையில் ஒரு அரக்குச் சீலை இருந்தது.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா என்ற ஆத்தா என்ற பந்தல்ல நின்னிருப்பா" என்றாள். சத்தம் போடவில்லை. அழவுமில்லை.

திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெண்கள் நாலு பேர் கூடப் போனார்கள். நாங்கள் வாசலில் காத்திருந்தோம். கதவு திறந்து உடலைத் தூக்கி வந்தபோது, வெள்ளைச் சீலையை உருவாமல் அதன் மேலேயே அரக்குச் சீலையைப் போர்த்தியிருந்தார்கள். கால்மாட்டில் ஒரு விரற்கடை வெள்ளை தெரிந்தது. நெற்றியில் திருநீறும் இருந்தது, குங்குமமும் இருந்தது. இது எந்த முறை என்று யாரோ முணுமுணுத்தார்கள். கொழுந்தனார் பாடையின் முன்கொம்பைத் தோளில் வாங்கிக்கொண்டார்.

பின்கொம்புக்கு ஒரு ஆள் குறைந்தது. நான் ஒரு அடி முன்னால் போனேன். மகள் என்னைப் பார்த்தாள். நான் நின்றுவிட்டேன். வேறொருவர் வந்து தோள் கொடுத்தார்.